பதிவேற்ற நெரிசல்: முக்கியக் குறிப்புகள்

கணினி ஆசிரியர் தேர்வோ, தொலைத்தொடர்பு இளநிலைப் பொறியாளர் தேர்வோ, நெட்டோ, கேட்டோ, வலையமைப்புப் பாடத்தில் வீட்டு இணைய இணைப்பு ஒரு சிறு மூலைதான். நேரடிக் கேள்வி என்றால் தரநிலை எண், ஆண்டு, உச்ச வேகம் என்று முடிந்துவிடும். கூற்று–காரணம் வகையில் வந்தால்தான் சிக்கல். பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கமும் ஏன் படுத்துவிடுகிறது? வேகம் கூடிய திட்டத்துக்கு மாறியும் வீடியோ கால் ஏன் திக்குகிறது? இரண்டுக்கும் விடை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அதனால் எண்களை விரைவாகக் கடந்து, வரிசையில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அலகுகள்

• இணைய வேகம் பிட் கணக்கு. கோப்பின் அளவு பைட் கணக்கு. 1 பைட் = 8 பிட். வலையமைப்பில் கிலோ என்றால் 1000, 1024 அல்ல.

• 1 ஜிபி காணொளியை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 8000 விநாடி, அதாவது 2 மணி 13 நிமிடம் 20 விநாடி. அதையே 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 6 நிமிடம் 40 விநாடி. பாக்கெட்டுகளின் தலைப்புச் சுமையைச் சேர்க்காத கணக்கு இது. நடைமுறையில் இன்னும் கூடும்.

• கொள்திறன் வேறு, தாமதம் வேறு. ஒரு குரல் அழைப்புக்கு ஜி.711 முறையில் 64 கேபிபிஎஸ். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் வீதம் 40 பைட் தலைப்பையும் சேர்த்தால் 80 கேபிபிஎஸ். 1 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அழைப்பு அறுபடுகிறது. ஐடியு-டி ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். அந்த எல்லை தாண்டுவதால்தான் பேச்சு மோதிக்கொள்கிறது. கொள்திறன் போதாமையால் அல்ல.

பதிவேற்றம் மட்டும் ஏன் குறைவு?

"மக்கள் பதிவிறக்கம்தான் அதிகம் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். ஒவ்வொரு தொழில்நுட்பத்திலும் காரணம் தனி.

• டயல்-அப்: வி.34 முறையில் இரு பக்கமும் 33.6 கேபிபிஎஸ் வரை. 1998இல் வந்த வி.90 பதிவிறக்கத்தை 56 ஆக்கியது, பதிவேற்றம் 33.6இலேயே நின்றது. சேவை வழங்குநர் பக்கம் முழுக்க டிஜிட்டல் என்பதால் அங்கிருந்து வரும் வழியில் அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை இல்லை. வீட்டிலிருந்து போகும் வழியில் அந்த மாற்றம் தொலைபேசி நிலையத்தில் நடக்கிறது. அதனால் ஏற்படும் இரைச்சல் வேகத்தைக் கட்டிப்போடுகிறது. 2000இல் வந்த வி.92 பதிவேற்றத்தை 48 வரை உயர்த்தியது.

• ஏடிஎஸ்எல்: பெயரிலேயே சமச்சீரின்மை உண்டு. இந்த யோசனைக்குரியவராகக் குறிப்பிடப்படுபவர் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர். அதற்கான டிஎம்டி பண்பேற்ற முறையை வளர்த்தெடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி. இரு பெயரையும் மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்.

லெக்லைடர் கண்ட காரணம் அழகானது. தொலைபேசி நிலையத்தில் நூற்றுக்கணக்கான கம்பி இணைகள் ஒரே கேபிளில் நெருங்கிக் கிடக்கின்றன. வீடுகளிலிருந்து வரும் சமிக்ஞை தொலைவு கடந்து மெலிந்து வந்து சேரும்போது, பக்கத்துக் கம்பியில் அங்கிருந்தே புறப்படும் வலுவான சமிக்ஞை கசிந்து அதை மூழ்கடிக்கிறது. இதுவே அண்மைமுனைக் குறுக்கீடு. இரு திசைக்கும் ஒரே அதிர்வெண்ணைக் கொடுத்தால் இரண்டுமே கெடும். திசைகளைப் பிரித்து, ஒன்றுக்கு அகலமான பட்டையும் மற்றதற்கு ஒடுங்கிய பட்டையும் கொடுத்தால் ஒரு திசையாவது வெகுவேகமாக ஓடும். ஒடுங்கியது பதிவேற்றத்தின் பங்குக்கு வந்தது.

• பட்டைகள்: குரலுக்கு 0–4 கிலோஹெர்ட்ஸ், பதிவேற்றத்துக்கு சுமார் 26–138, பதிவிறக்கத்துக்கு 138–1104. ஒவ்வொரு துணை அலையும் 4.3125 கிலோஹெர்ட்ஸ், முதல் தலைமுறை ஏடிஎஸ்எல்லில் மொத்தம் 256. பதிவேற்றத்துக்குக் கிடைப்பவை 6 முதல் 31 வரை, அதாவது 26. ஒன்றுக்கு அதிகபட்சம் 15 பிட், விநாடிக்கு 4000 குறியீடு. 26 × 15 × 4000 = 15,60,000. ஏட்டளவிலேயே 1.56 எம்பிபிஎஸ்தான் உச்சம். கம்பியின் இரைச்சல் போக 1 எம்பிபிஎஸ் கிடைத்தால் நல்ல இணைப்பு. இந்தப் பெருக்கலைத் தெரிந்துவைத்துக்கொண்டால் உச்ச வேகத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

• தரநிலை: ஏடிஎஸ்எல் ஜி.992.1 (1999), ஏடிஎஸ்எல்2 ஜி.992.3 (2002), ஏடிஎஸ்எல்2பிளஸ் ஜி.992.5 (2003). மூன்றாவதில் துணை அலைகள் 512 ஆகி, பட்டை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை நீண்டு, பதிவிறக்கம் 24 எம்பிபிஎஸ் ஆனது. பதிவேற்றப் பட்டை நீளவில்லை. பின்னிணைப்பு எம் (Annex M) என்ற மாற்றுவடிவமோ அதை 276 கிலோஹெர்ட்ஸ் வரை தள்ளியது.

• கேபிள் இணையம்: வட அமெரிக்க முறையில் பதிவேற்றத்துக்கு 5–42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய முறையில் 5–65. ஒரு தெருவின் வீடுகள் அனைத்திலிருந்தும் புகும் இரைச்சல் ஒரே முனையில் வந்து குவிவது இதன் தனிக் குறை. தரநிலை: டாக்சிஸ் 1.0 (1997), 3.0 (2006), 3.1 (2013).

• ஜிபான் ஃபைபர்: ஜி.984. கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244. ஒளி அலைநீளம் முறையே 1490, 1310 நானோமீட்டர். தெருக்கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் ஒரு இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். பதிவிறக்கம் எல்லா வீட்டுக்கும் ஒளிபரப்பாகவே போகும். அவரவர் வீட்டுப் பெட்டியான ஓஎன்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பதிவேற்றத்தில் அப்படி முடியாது, இரண்டு வீட்டு ஒளி ஒரே நேரத்தில் வந்தால் மோதிவிடும். எனவே நிலையத்திலுள்ள ஓஎல்டி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரத் துண்டு ஒதுக்கும். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஏற்றினாலும் ஆளுக்குச் சுமார் 39 எம்பிபிஎஸ் வரும். ஃபைபர் இணைப்பில் பதிவேற்றம் 5 அல்லது 10 எம்பிபிஎஸ் என்று நின்றால், பெரும்பாலும் அது இழையின் இயலாமை அல்ல, திட்டத்தில் போட்ட வரம்பு. 2016இல் வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ்.

• 4ஜி, 5ஜி: கோபுரம் பல பத்து வாட்டில் அனுப்பும்; கையிலுள்ள போனின் வழக்கமான உச்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். நேரப்பங்கீட்டு இருவழி முறையில் நேரத் துண்டுகளில் பெரும்பங்கும் பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. மாடியில் அலைவாங்கி வைத்துத் தரும் 5ஜி வீட்டு இணைப்புக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தும்.

ஒப்புகை நெரிசல்

இங்கிருந்துதான் காரணக் கேள்விகள் பிறக்கின்றன.

டிசிபி நெறிமுறையில் பெறுபவர் ஒப்புகை அனுப்பாமல் அனுப்புபவர் மேலே அனுப்ப மாட்டார். நீங்கள் படம் பார்க்கிறீர்கள், எதையும் ஏற்றவில்லை என்றாலும் உங்கள் வீட்டிலிருந்து ஒப்புகைகள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. வழக்கமாக இரண்டு முழுப் பாக்கெட்டுக்கு ஓர் ஒப்புகை. அதன் அளவு குறைந்தது 40 பைட்.

40 பைட் அற்பம்தானே என்று தோன்றும். ஏடிஎஸ்எல்2பிளஸ் இணைப்பு ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் எல்லாமே ஏடிஎம் செல்களாக வெட்டப்பட்டுச் செல்லும். ஒரு செல் 53 பைட், அதில் சரக்கு 48, மீதி 5 தலைப்பு. ஒரு முழுப் பாக்கெட், பிபிபிஓஇ உறைகளையும் சேர்த்து 32 செல்லில் அடங்கும்: 1696 பைட், 13,568 பிட். 24 எம்பிபிஎஸ் நிரம்ப ஓடினால் விநாடிக்குச் சுமார் 1770 பாக்கெட். ஒப்புகை 885. உறைகளோடு சேர்ந்தால் 40 பைட் ஒப்புகை ஒரு செல்லில் அடங்காது, இரண்டு வேண்டும்: 106 பைட், 848 பிட். 885 × 848 = 7,50,480. அதாவது வெறும் ஒப்புகைக்கே 750 கேபிபிஎஸ்!

1 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் முக்கால் பங்கு இப்படியே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டில் யாரோ கல்யாணப் படங்களை ஏற்றத் தொடங்கினால் ஒப்புகைகள் காத்து நிற்கும். ஒப்புகை தாமதித்தால் தொலைவிலுள்ள சேவையகம் அனுப்புவதைக் குறைக்கும். 24 எம்பிபிஎஸ் இணைப்பில் படம் சுற்றிக்கொண்டு நிற்கும். பதிவிறக்கப் பாதையோ காலியாகக் கிடக்கும்.

• ஏடிஎம் இல்லாத ஃபைபரில் சுமை குறைவு. ஒப்புகையைக் குறைந்தபட்ச ஈதர்நெட் சட்டமான 64 பைட் என்று கொண்டால் 100 எம்பிபிஎஸ் பதிவிறக்கத்துக்கு ஒப்புகை சுமார் 2.1 எம்பிபிஎஸ். தோராயமாக நூற்றுக்கு இரண்டு. 10:1 விகிதத் திட்டத்தில் இது பொருட்டல்ல; 50:1 என்றால் கழுத்தைப் பிடிக்கும்.

• இந்தச் சிக்கலுக்கென்றே தனி ஆவணம் உண்டு: ஆர்எஃப்சி 3449, டிசம்பர் 2002. பாதைச் சமச்சீரின்மை டிசிபியை எப்படிப் பாதிக்கிறது என்பதே அதன் பொருள்.

பஃபர்புளோட்

• பஃபர் என்பது அனுப்ப முடியாத பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம். சிறிதாவது இல்லாமல் முடியாது. மிகப் பெரிதானால் கேடு.

• டிசிபி நெரிசலை உணர்வது பாக்கெட் தொலைவதைக் கொண்டுதான். மோடத்தில் தாராளமாக பஃபர் இருந்தால் பாக்கெட் தொலைவதே இல்லை. எனவே அனுப்பும் கணினி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பஃபர் விளிம்புவரை நிரம்பி அப்படியே நிற்கும். பின்னால் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் முழு வரிசையையும் கடந்தாக வேண்டும்.

• கணக்கு: 256 கேபி பஃபர், 1 எம்பிபிஎஸ் பதிவேற்றம். 256 × 1024 × 8 = 20,97,152 பிட். காலியாக 2.1 விநாடி. அதே பஃபர் 100 எம்பிபிஎஸ் பாதையில் 21 மில்லி விநாடி. பஃபரின் அளவு மாறவில்லை. மெதுவான திசையில் மட்டும் அது நஞ்சாகிறது. பதிவேற்றத்தில் இந்தக் கேடு ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

• இந்த வீக்கத்துக்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் சாளர முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010இல் பழைய எக்ஸ் கூட்டமைப்பின் ஆவணக் கோப்புகளைத் தம் வீட்டிலிருந்து எம்ஐடி சேவையகத்துக்கு நகலெடுத்தபோது தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கண்டு துருவினார். கவனிக்க: இது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு வீட்டுப் பதிவேற்றத்தில்தான்.

• முன்னோடிகளை விட்டுவிட வேண்டாம். ஜான் நேகிள் 1984இல் ஆர்எஃப்சி 896 வழியாக நெரிசல் சரிவை விவரித்தார். 1985இல் ஆர்எஃப்சி 970இல், அளவற்ற நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது என்று காட்டினார். கெட்டிஸுக்கு 25 ஆண்டு முன்பே சொல்லப்பட்ட செய்தி. நினைவகம் மலிந்த காலத்தில் கருவி செய்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

• அக்டோபர் 1986: லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், 32 கேபிபிஎஸ் வேகம் 40 பிபிஎஸ் ஆகச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சனின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையே டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டின் அடிப்படை.

பஃபர்புளோட்டை வீட்டில் கண்டுபிடிப்பது எளிது. கணினியை ரவுட்டரோடு வயரில் இணைத்து ஏதேனும் ஒரு சேவையகத்துக்கு பிங் ஓடவிடுங்கள். 20 மில்லி விநாடி என்று வரிசையாக வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே போனிலிருந்து ஒரு பெரிய காணொளியை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குங்கள். 20 என்பது 60, 200, 700 என ஏறினால் பஃபர் வீங்குகிறது. ஏற்றத்தை நிறுத்தியதும் ஓரிரு விநாடியில் மறுபடி 20க்கு இறங்கினால் ஐயமே இல்லை. வேக அளவீடு மட்டும் செய்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஆப்பிள் 2021இல் மேக்ஓஎஸ் மான்டரேயில் சேர்த்த நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளை, சுமை இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுப் பயணம் முடிகிறது என்றே அளந்து சொல்லும்.

வரிசையை ஒழுங்கு செய்வது

• ரெட் (1993, சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும்): வரிசை நீள நீள, முன்கூட்டியே சில பாக்கெட்டைக் கைவிடும். அளவுகளைச் சரியாக அமைப்பது கடினம் என்பதால் வீட்டுக் கருவிகளில் எடுபடவில்லை.

• கோடெல் (2012, கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும்): வரிசையின் நீளத்தைப் பார்க்காது, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கும். குறைந்தபட்சக் காத்திருப்பு 100 மில்லி விநாடி இடைவெளி முழுக்க 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் கைவிடத் தொடங்கும். இந்த 5, 100 இரண்டும் நினைவில் இருக்கட்டும். ஆர்எஃப்சி 8289, ஜனவரி 2018. நுணுக்கம்: 1 எம்பிபிஎஸ் பாதையில் ஒரே ஒரு 1500 பைட் பாக்கெட் வெளியேறவே 12 மில்லி விநாடி ஆகும். அங்கே 5 என்ற இலக்கு எட்டாக் கனி. அதனால் ஒரு பாக்கெட் நேரத்துக்குக் குறையாமல் இலக்கை உயர்த்த வேண்டும்.

• எஃப்கியூ-கோடெல்: ஆர்எஃப்சி 8290, அதே ஜனவரி 2018. ஒவ்வொரு இணைப்பையும் தனி வரிசையில் போடும். இயல்பாக 1024 வரிசை. ரேஷன் கடையில் பத்து கார்டுக்கு அரிசி வாங்க நிற்பவருக்குப் பின்னால், ஒரு கார்டுக்குச் சர்க்கரை மட்டும் வாங்க வந்தவரை நிறுத்திவைக்காமல் தனியே கூப்பிட்டுக் கொடுத்தனுப்புவது போன்றது. பெரிய பதிவேற்றத்துக்கு இதனால் பெரிதாக ஒன்றும் குறையாது. சின்ன பாக்கெட்டுக்காரர்களான குரல் அழைப்பு, விளையாட்டு, டிஎன்எஸ் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் 3.5இல் (2012) சேர்ந்தது.

• கேக்: 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. வேக வரம்பும் வரிசை மேலாண்மையும் ஒரே இடத்தில். இணைப்பு வாரியாக மட்டுமல்லாமல் கருவி வாரியாகவும் பங்கு பிரிக்கும். ஒரு போன் நாற்பது இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்தவர் பங்கைத் தின்ன முடியாது. ஒப்புகை வடிகட்டி என்ற வசதி, பின்னால் வந்த ஒப்புகை முன்னதையும் உள்ளடக்கும் என்பதால் பழையதைக் கைவிட்டு இடம் மிச்சம் பிடிக்கும். ஏடிஎஸ்எல் என்றால் ஏடிஎம் செல் சுமையைக் கணக்கிடவும் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் ரவுட்டரில் முடுக்கிவிட்டும் பயன் இல்லை என்று சொல்பவர்கள் ஒன்றைச் செய்திருக்க மாட்டார்கள்: வேக வரம்பு போடுவது. வரிசை எங்கே உருவாகிறதோ அங்கேதான் ஒழுங்கு செய்ய முடியும். ரவுட்டரிலிருந்து மோடத்துக்கு 1000 எம்பிபிஎஸ், மோடத்திலிருந்து வெளியே 10 எம்பிபிஎஸ் என்றால் வரிசை மோடத்துக்குள் உருவாகும். ரவுட்டரின் சாமர்த்தியம் அங்கே எட்டாது. ரவுட்டரில் பதிவேற்றத்தை 9 எம்பிபிஎஸ் என்று நீங்களே குறைத்தால் வரிசை உங்கள் கைக்குள் வந்துவிடும். அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் என்பது வழக்கமான அளவு. பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்து சதவீதத்தை நாமே வெட்டுவதா என்று மனம் ஒப்பாது. பிங்கை ஓடவிட்டுப் பார்த்தபின் ஒப்பும்.

• பதிவேற்றத்தில் இது துல்லியமாக வேலை செய்யும், ஏனெனில் வரிசை நம்முடையது. பதிவிறக்கத்தில் பாக்கெட் ஏற்கெனவே சேவை வழங்குநரின் வரிசையைக் கடந்து வந்துவிட்டது. இங்கே கைவிடுவது மறைமுகமான சைகை மட்டுமே.

• ஓப்பன்டபிள்யுஆர்டி போன்ற மென்பொருள் உள்ள ரவுட்டர்களில் இந்த அமைப்பின் பெயர் எஸ்கியூஎம். சேவை வழங்குநர் கொடுத்த பெட்டியில் அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருந்தால், அதன் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்து அதில் வரம்பு போடலாம். வன்பொருள் முடுக்கத்தை அணைக்க மறக்கக் கூடாது. அது பாக்கெட்டை வரிசைக்கே காட்டாமல் கடத்திவிடும்.

• மலிவு ரவுட்டரின் செயலி 300 எம்பிபிஎஸ் பதிவிறக்கத்தை வரிசைப்படுத்தத் திணறலாம். பதிவேற்றத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் வேலை கொஞ்சம்தான், தாங்கும்.

• முன்னுரிமைக் குறி: டிஎஸ்சிபி, 6 பிட், 64 மதிப்பு, ஆர்எஃப்சி 2474 (1998). குரலுக்கான இஎஃப் குறியின் மதிப்பு 46. வைஃபையில் டபிள்யுஎம்எம் நான்கு வகை பிரிக்கும்: குரல், காணொளி, இயல்பு, பின்னணி. என் கருத்தில் வீட்டுக்கு இவை இரண்டாம் நிலைதான். எந்தச் செயலிக்கு என்ன முன்னுரிமை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பதைவிட எஃப்கியூ-கோடெலை முடுக்கிவிட்டு மறந்துவிடலாம்.

சுமையைக் குறைப்பது

வீட்டில் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டே இருப்பவை எவை என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் கண்காணிப்புக் கேமரா மேல். ஒன்று 2 எம்பிபிஎஸ் வீதம் நான்கு கேமரா இரவும் பகலும் மேகத்துக்கு அனுப்பினால் 8 எம்பிபிஎஸ் போய்விட்டது. வீட்டிலேயே பதிவுப் பெட்டியிலோ நினைவக அட்டையிலோ சேமித்து, அசைவு தெரிந்தால் மட்டும் வெளியே அனுப்பும்படி மாற்றினால் பெரும்பாலான நேரம் இந்தச் சுமை இருக்காது. அடுத்தது போன்களின் தானியங்கிப் படச் சேமிப்பு. ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீட்டில் நாலு போனும் வைஃபையைக் கண்டவுடன் ஒன்றாக ஏற்றத் தொடங்கும். மறுநாள் காலை இணைய வகுப்பு நிற்கும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஏற்று என்று வைத்தால் இரவில் முடிந்துவிடும்.

• ஆர்சிங்க் (1996, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ்): கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். வேக வரம்பு கொடுக்கும் வசதியும் உண்டு.

• காணொளிச் சுருக்கம்: எச்.264 (2003), எச்இவிசி (2013), ஏவி1 (2018).

• பிட்டோரன்ட் (2001, பிராம் கோயன்): கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற முறை. பதிவேற்றத்தை முழுக்க அடைத்தால் பதிவிறக்கமும் சுருங்கும். திறந்தே விட்டால் ஒப்புகை நெரிசல். நடுவில் வரம்பு வைக்க வேண்டும்.

• லெட்பாட்: ஆர்எஃப்சி 6817, டிசம்பர் 2012. தாமதம் 100 மில்லி விநாடி வரை கூடினால் தானே ஒதுங்கும் பின்னணி முறை. வேடிக்கை என்னவென்றால், ரவுட்டரில் கோடெல் தாமதத்தை 5இல் பிடித்துவைத்தால் லெட்பாட் நெரிசலையே உணராது. ஒதுங்காமல் சாதாரண டிசிபி போலப் பங்கு கேட்கும். இரு நல்ல மருந்துகள் ஒன்றையொன்று முறிக்கும் இடம், கூற்று–காரணத்துக்கு ஏற்ற பகுதி.

• வைஃபையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைத்தடத்தில் மாறி மாறித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படாத தடங்கள் 1, 6, 11. அண்டை வீட்டு நெரிசலையும் இணைப்பின் குறையையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் வயரில் அளக்கச் சொல்வது.

வரையறைகள்

• இந்தியா: 2004 அகன்ற அலைவரிசைக் கொள்கையில் குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ், 2013இல் 512 கேபிபிஎஸ், ஜனவரி 2023இல் 2 எம்பிபிஎஸ். மூன்றும் பதிவிறக்க வேகம். பதிவேற்றத்துக்கு இந்த வரையறையில் எண் இல்லை.

• அமெரிக்கா, எஃப்சிசி: 2010இல் 4/1, 2015இல் 25/3, மார்ச் 2024இல் 100/20 எம்பிபிஎஸ். முதல் எண் பதிவிறக்கம். 2015இல் பதிவேற்றப் பங்கு 12 சதவீதம், 2024இல் 20. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலையும் வகுப்பும் நடந்தபின் இரண்டாவது எண்ணும் பெரிதாகிவிட்டது.

• பிரிட்டன்: மார்ச் 2020 முதல் நடைமுறையில் உள்ள அனைவருக்குமான சேவைக் கடமையின்படி 10/1 எம்பிபிஎஸ்.

மாதிரி வினாக்கள்

1. கூற்று: ஜிபான் இணைப்பில் பதிவேற்றத்துக்கு நேரத் துண்டு ஒதுக்கப்படுகிறது. காரணம்: ஒளி இழையில் மேல்நோக்கிய அலைநீளம் கீழ்நோக்கியதைவிடக் குறைவு.
விடை: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்கவில்லை. 1310 என்பது 1490ஐவிடக் குறைவுதான், ஆனால் நேரத் துண்டு எதற்கென்றால் பல வீட்டு ஒளி ஒரே இழையில் மோதாமல் இருக்க.

2. கூற்று: ரவுட்டரில் பதிவேற்ற வரம்பை அளந்த வேகத்துக்கு மேல் வைத்தால் எஃப்கியூ-கோடெலால் பயன் இராது. காரணம்: அப்போது வரிசை மோடத்தில் உருவாகிறது.
விடை: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது.

3. மோடத்தின் பஃபர் 1,25,000 பைட். பதிவேற்றம் 2 எம்பிபிஎஸ். பஃபர் நிரம்பியிருக்கையில் வந்து சேரும் குரல் பாக்கெட் எவ்வளவு காத்திருக்கும்? பதிவேற்றத்தை 4 எம்பிபிஎஸ் ஆக்கினால் ஜி.114 எல்லைக்குள் வருமா?
விடை: 1,25,000 × 8 = 10,00,000 பிட். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 500 மில்லி விநாடி. 4 எம்பிபிஎஸ் ஆனால் 250. அப்போதும் 150ஐத் தாண்டுகிறது. பஃபர் அப்படியே இருக்கக் கட்டணத்தைக் கூட்டி மட்டும் 150க்குள் வர, 6.7 எம்பிபிஎஸ் வேண்டும்.